ஒட்டடைக்கோலை யார் கையில் கொடுக்கிறோம்?

ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களிலும் போகிக்கு மறுநாளும் மூச்சிரைப்புடன் நம் மருத்துவமனைக்கு வருவோரில் இல்லத்தரசிகளைத் தவறாமல் காண்கிறோம். பரணை ஒழித்து, மின்விசிறியைத் துடைத்து, பழைய மெத்தையை உதறிய கையோடு வந்திருப்பார்கள். உடன் வந்தவர் நல்லெண்ணத்துடன்தான் கேட்பார்: "வீட்டை இன்னும் சுத்தமாக வைத்திருந்தால் இது வந்திருக்காது அல்லவா?" தவறு தன்னுடையது என்பதுபோல் அந்தப் பெண்மணி தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கேள்வியில் உள்ள குற்றச்சாட்டை ஏற்க நாம் தயாராக இல்லை. அவருக்கு மூச்சு முட்டியதற்குச் சோம்பல் காரணமன்று. அந்தச் சுத்தம் செய்யும் வேலையே பல வேளைகளில் காரணமாகிறது.

வீட்டுத் தூசு ஏன் ஒவ்வாமை தருகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்களான வோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு, தூசில் வாழும் நுண்ணிய பூச்சிகளே அதற்கு முக்கியக் காரணம் என்று எடுத்துரைத்தது. தூசுப்பூச்சி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமே உடையது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. மனிதரைக் கடிப்பதில்லை. அதன் கழிவில் உள்ள புரதமே நம் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தொல்லைப்படுத்துகிறது. ஆகவே பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது. கழிவும் நீங்க வேண்டும்.

இப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் ஈர்த்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்து நின்றால் அது காய்ந்து மடியும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகள் இந்த அளவைத்தான் இலக்காகச் சொல்கின்றன. சென்னையில் ஐப்பசி, கார்த்திகைக் காலை வேளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்தை எளிதில் தொடுகிறது. 'சன்னலைத் திறந்து வையுங்கள், ஈரம் போய்விடும்' என்ற அறிவுரை அந்த மாதங்களில் இங்கே ஈரத்தை உள்ளே அழைப்பதாகவே முடியும். நம் முகப்பேரிலோ 'ஏரித் திட்டம்' என்று பெயரிலேயே ஏரியைச் சுமக்கும் குடியிருப்புகள் உள்ளன. 2015 டிசம்பர் பெருவெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையில் எத்தனையோ வீடுகளின் சுவர்களில் தங்கள் கோட்டை விட்டுச் சென்றன. அந்தக் கோட்டுக்கு மேல் வெள்ளையடிப்பது பூஞ்சணத்தைப் போர்வைக்குள் ஒளித்து வைப்பதே ஆகும். ஒழுகும் குழாயும் விரிசல் விட்ட மொட்டைமாடியும் முதலில் சீராக வேண்டும், சாயம் பிறகு. வெள்ளநீரில் ஊறிய பஞ்சு மெத்தையை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், விட்டுவிடுவதே நல்லது.

எனவே நாம் வேண்டுவது கூடுதல் துடைப்பம் அன்று, கூடுதல் உலர்ச்சி. முழு வீட்டையும் எண்ணி மலைக்க வேண்டியதில்லை. நோயாளி இரவில் 7, 8 மணி நேரம் முகம் வைத்துப் படுக்கும் தலையணையிலிருந்து தொடங்குங்கள். விரிப்பையும் உறைகளையும் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது பூச்சியைக் கொன்று கழிவையும் அலசும். துவைக்க இயலாத இலவம்பஞ்சு மெத்தைக்குப் பங்குனி, சித்திரை வெயில் நமக்குக் கிடைத்த இலவச மருந்து. மொட்டைமாடியில் நாள் முழுதும் காயவிட்டு, அங்கேயே தட்டிக் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் ஈரத் துணிகளைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்துவது மட்டும் வேண்டாம். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உலர்த்தலாம். ஏ.சி. இருக்கும் வீட்டில் அதன் ரிமோட்டில் 'டிரை' என்றொரு பொத்தான் பெரும்பாலும் தொடப்படாமலே இருக்கும். அதற்கு இதுதான் வேளை. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் பின்புறம் காற்றோடும்.

தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். படுத்திருக்கும் துகளைக் கிளப்பி மூக்குக்கு அனுப்புவதில் துடைப்பத்துக்கு நிகரில்லை. பூஞ்சணம் போக்கப் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் கலப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கலவையிலிருந்து எழும் குளோரின் வாயு ஆரோக்கியமான நுரையீரலையே எரித்துவிடும். சுத்தம் செய்த பிறகு மணத்துக்காகப் போடும் சாம்பிராணிப் புகையும் ஆஸ்துமா உள்ளவருக்கு உகந்ததன்று. இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடுவதைக் காண்கிறோம். ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இனி ஒரு கசப்பான உண்மை. இத்தனையும் செய்தாலும் ஆஸ்துமா மறைந்துவிடும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தூசுப்பூச்சித் தடுப்பு முறைகளால் ஆஸ்துமாவில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்று முடிவு கூறியது. அது தனித்தனி நடவடிக்கைகளைப் பற்றியதே என்று வாதிடுவோரும் உண்டு. ஒரே ஓர் உறையை மாட்டிவிட்டு ஓய்வதைவிட, உலர்த்தல், துவைத்தல், ஒழுகலை அடைத்தல் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வதே பொருத்தம் என்பது நம் கருத்து. ஆனால் 'வீட்டைச் சுத்தம் செய்துவிட்டோம், இன்ஹேலர் இனி எதற்கு?' என்று மருந்தை நிறுத்திவிட்டு வருவோரைப் பார்க்கும்போதுதான் நமக்கு உண்மையான அச்சம் எழுகிறது. மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தாதீர்கள்.

அடுத்த போகிக்கு முன் குடும்பத்தில் ஒரு பேச்சு நடக்கட்டும். பரணில் ஏறுவது யார்? மூச்சிரைப்பு இல்லாதவர் ஏறட்டும். கணவரோ வளர்ந்த மகனோ மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு அந்த வேலையை முடிக்கட்டும். ஒவ்வாமை உள்ளவர் அதுவரை பக்கத்து வீட்டிலோ பூங்காவிலோ இருந்துவிட்டு, தூசு படிந்து தரையும் துடைத்த பின் வீட்டுக்குள் வரட்டும்.