ஊசி காட்டினது ஒண்டு, கொப்பியில எழுதினது வேற

ஒரு உண்மையை ஒத்துக்கொண்டு தொடங்குவம். உயர்தரம் படிக்கேக்க எங்கட பௌதிகவியல் செய்முறைக் கொப்பியில இருந்த வாசிப்புகள் எல்லாம் நாங்கள் எடுத்தவை அல்ல. மேல் வகுப்பு அண்ணாமாரின்ர கொப்பியைப் பார்த்து, கடைசித் தசமத்தை மட்டும் மாத்தி எழுதினனாங்கள். வரைபு வடிவா வந்தது. சரியும் விழுந்தது.

களவு செய்யோணும் எண்டு செய்யேல்ல. முப்பது பேருக்கு ஒரு வோல்ற்றுமானி. கொள்ளளவி மின்னிறங்கேக்க ஒருத்தர் நிறுத்தற்கடிகாரம் பிடிப்பார், ஒருத்தர் ஊசியைப் பார்ப்பார், ஒருத்தர் எழுதுவார். மிச்சம் இருபத்தேழு பேரும் வேடிக்கை பார்த்தம்.

பிறகுதான் தரவுப் பதிவி, நாங்கள் வாயால சொல்லுற டேற்றா லொகர், கையில கிடைச்சது. அது செய்யிற வேலை சின்னது: சொன்ன இடைவெளிக்கு ஒருக்கா வோல்ற்றளவை அளந்து, இலக்கமாக்கி, நேரத்தோட சேர்த்துப் பதியும். ஆர்டுயினோ ஊனோ பலகை ஒண்டும் லாப்டொப்பும் இருந்தால் நாங்களே ஒண்டைச் செய்யலாம். அது 0 தொடக்கம் 5 வோல்ற் வரையான வீச்சை 1024 படிகளாப் பிரிக்கும்; ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ற். ஒரு செக்கனுக்குள்ள ஆயிரக்கணக்கான வாசிப்பு எடுக்கும்.

இதால என்ன வித்தியாசம்? 1000 மைக்ரோபரட் கொள்ளளவியை 100 கிலோஓம் தடைக்கூடாக மின்னிறக்கினால் நேர மாறிலி 100 செக்கன். கையால தாராளமா அளக்கலாம். தடையை 1 கிலோஓம் ஆக்கினால் அது 1 செக்கன். ஊசியைப் பார்த்து எழுதி முடிக்க முதல் கதை முடிஞ்சிடும்.

காந்தத்தைச் சுருளுக்குள்ளால விழுத்திப் பாருங்கோ. கல்வனோமானி ஊசி ஒருக்காத் துடிக்கும், அவ்வளவுதான். 1831இல் பரடே தூண்டலைக் கண்டதும் அப்பிடி ஒரு துடிப்பை வச்சுத்தான். ஊசியை நாங்கள் குறை சொல்லேல்ல. ஆனா பதிவியில இரண்டு முகடு தெரியும்: ஒண்டு மேல, மற்றது கீழ. வெளியேறேக்க காந்தம் வேகமாப் போறதால இரண்டாவது உயரம் கூட, அகலம் குறைவு. இரண்டின்ர பரப்பளவும் கிட்டத்தட்டச் சமன், ஏனெண்டால் உள்ள வந்த பாயம்தான் வெளிய போகுது. பாடமாக்கின சமன்பாட்டை அண்டைக்குத்தான் கண்ணால கண்டம். (ஆர்டுயினோவுக்கு மறை வோல்ற்றளவு ஆகாது. இரண்டு சமனான தடையால பூச்சியத்தை 2.5 வோல்ற்றுக்குத் தூக்கினாப் பிறகுதான் சுருளைத் தொடுக்கோணும்.)

"மெசினே எல்லாத்தையும் செய்தால் பிள்ளையள் என்னத்தைப் படிக்கிறது?" எண்டு ஆசிரியர்மார் கேக்கினம். நியாயமான கேள்வி. எங்கட பதில் எங்கட பிழையில இருந்து வருது.

ஒருக்கா, டிரான்ஸ்போமரால நல்லாக் குறைச்ச ஆடலோட்டத்தைப் பதிஞ்சம். செக்கனுக்கு 50 வாசிப்பு எடுக்கச் சொன்னம். திரையில அலையே இல்லை, கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு! வயர் கழண்டிட்டுது எண்டு அரை மணித்தியாலம் தேடினம். வயரில பிழை இல்லை. எங்கட மின்சாரத்தின்ர மீடிறன் 50 ஹேர்ட்ஸ். ஒவ்வொரு அலையிலயும் அதே இடத்தில ஒருக்கா மட்டும் பார்த்தால் எல்லா வாசிப்பும் ஒண்டுதானே? 49 வாசிப்பு எடுத்திருந்தால் செக்கனுக்கு ஒருக்கா ஏறி இறங்கிற ஒரு பொய் அலை வந்திருக்கும். மீடிறனின்ர இரண்டு மடங்குக்கு மேல எடுத்தால்தான் அலை பிடிபடும். வடிவம் தெரியோணும் எண்டால் இன்னும் கூட வேணும்.

ஆகவே மெசின் யோசிக்காது. எத்தனை தரம் பார்க்கிறது, எந்த வீச்சில பார்க்கிறது, வந்ததை நம்பிறதா எண்டதெல்லாம் இன்னும் பிள்ளையின்ர வேலைதான். அதுதான் செய்முறை. ஊசியைப் பார்த்து எழுதிறது அதில ஒரு துண்டு மட்டும்.

நாங்கள் கேக்கிறது இவ்வளவுதான். பதிவி இருக்கிற பாடசாலையள் அதை அலுமாரியில பூட்டி வைக்கவேண்டாம். முதல் 100 செக்கன் பரிசோதனையைக் கையால செய்ய விடுங்கோ; பிறகு 1 செக்கன் பரிசோதனையைப் பதிவியால செய்ய விடுங்கோ. வடிவான வளையிக்குப் புள்ளி போடாமல், கோணலா வந்த வளையியை ஏன் கோணல் எண்டு விளக்கினவைக்குப் போடுங்கோ.

தம்பி தங்கச்சிமாருக்கும் ஒண்டு: எங்கட கொப்பியைக் கேட்டு வராதேங்கோ. அதில இருக்கிறது எங்களுக்கு முந்தின ஆரோ எடுத்த வாசிப்பு. அவையும் எடுத்தவையோ தெரியாது.