கிணறு நம்முடையது, கணக்கு யாருடையது?

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் தோழனைப் பாருங்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். அவற்றில் ஒன்று அறுந்தாலும் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பான்; முடிபோடுவான்; தறியை மறுபடி ஓடவிடுவான். கண்ணும் கணக்கும் அவனுக்குத் தொழில் தந்த சொத்து. ஆனால் அவனுடைய ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, சென்ற கோடையைவிட எத்தனை அடி இறங்கிற்று என்ற கணக்கு மட்டும் அவன் கைக்கு வருவதில்லை. அது பல்கலைக்கழக அலமாரியில் இருக்கிறது, ஆங்கில அறிக்கையில் இருக்கிறது, ஊரில் இல்லை!

நகரம் நிலைத்து வாழவேண்டும், கிராமத்தான் பிழைப்பு நடக்கவேண்டும், ஆறும் ஏரியும் அழியாதிருக்கவேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசும் கூட்டு ஆராய்ச்சிகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 17 குறிக்கோள்களிலும் இவை இடம்பெற்றன. நல்லது, வரவேற்கிறோம். ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல நமது வாதம். யாருக்காக ஆராய்ச்சி, யார் கையில் அதன் முடிவு என்பதே நமது கேள்வி.

இந்தக் கேள்வியை நாம் வீம்புக்குக் கேட்கவில்லை. நமது மாவட்டத்தின் வரலாறு கேட்கவைக்கிறது.

கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டு வழியாக வருகிறது, பூண்டியில் தேங்குகிறது, எண்ணூரில் கடலைச் சேருகிறது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது, சென்னையின் தாகம் தணிக்க. அதுவும் போதாதென்று 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகையில் நிலத்தடி நீரைத் தேடி ஆராய்ந்தார்கள். அதுவும் கூட்டு ஆராய்ச்சிதான்! மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் மண்ணுக்கடியில் நீர் இருப்பதைக் கண்டார்கள். கிணறுகள் இறங்கின, குழாய்கள் நீண்டன, நீர் நகருக்குப் போயிற்று.

பிறகு என்ன நடந்தது? நகருக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் எனப் பல பக்கமும் உறிஞ்ச உறிஞ்ச, நன்னீர் விட்டுச்சென்ற இடத்தில் கடல் புகுந்தது. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பாயிற்று. கண்டுபிடித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது; நகருக்கு நீர் கிடைத்தது; கிராமத்தானுக்கு உப்பு கிடைத்தது!

1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் லாரி நிற்கவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காட்சியை நாடே பார்த்தது. அந்தக் கோடையில் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகச் சென்னைக்குப் போன நீரைப் பார்த்தவர் எத்தனை பேர்?

இதைச் சொல்வதால் நகரத்து மக்கள்மீது நமக்குப் பகை என்று யாரும் எண்ணவேண்டாம். குடத்தோடு வரிசையில் நிற்பவளும் நம் தங்கைதான். கும்மிடிப்பூண்டி ஆலைக்கு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி யார்? உழவன் வீட்டுப் பிள்ளை. ஆலைக்கு நீர் இல்லையென்றால் மகன் கூலி போகும். கிணற்றில் நீர் இல்லையென்றால் தகப்பன் பயிர் போகும். எது போனாலும் அணைவது ஒரே வீட்டு அடுப்புத்தான். ஆகவே நகரா, கிராமமா என்று கட்சி கட்டுவது நமது வேலையல்ல. இருப்பது எவ்வளவு, எடுப்பது எவ்வளவு என்று இருசாராரும் அறியும்படி கணக்கைப் பொதுவில் வைக்கச் சொல்வதே நமது வேலை.

நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன; மறைக்கவில்லை. 2011 முதல் 2014 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் நடந்த 'சாஃப் பானி' திட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் பங்கேற்று, ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையை ஆராய்ந்தார்கள். தேங்கிய வெள்ளம் மண்ணுக்குள் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளை எப்படி வளப்படுத்துகிறது என்று அளந்தார்கள். 2018இல் நெதர்லாந்து நாட்டார் தொடங்கிய திட்டமொன்றில் சென்னையும் சேர்க்கப்பட்டது. நகரில் பெய்யும் மழையை நகரிலேயே தேக்கும் வழிகள் வகுக்கப்பட்டன. நகரம் தன் மழையைத் தானே சேமித்தால், நம் கிணற்றின்மீது விழும் சுமை குறையும்.

ஆனால் அளப்பவர் வெளியூரார், அளக்கப்படுவது நம் கிணறு என்ற நிலை மாறவேண்டாமா? படிக்காத விவசாயிக்கு விஞ்ஞானம் புரியுமா என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குப் பதில் நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள சித்தூர் உட்பட, அன்றைய ஆந்திரத்தின் ஏழு மாவட்டங்களில் 600க்கும் மேற்பட்ட ஊர்களில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவுடன் விவசாயிகளே நிலத்தடி நீரைக் கண்காணித்த திட்டம் நடந்தது. ஆணும் பெண்ணும் கிணற்றில் நாடாவை இறக்கி அளந்தார்கள்; மழைமானியைப் பார்த்து எழுதினார்கள்; ஊர்ப் பலகையில் அந்தக் கணக்கை எல்லோரும் காண எழுதிவைத்தார்கள். பருவம் தொடங்குமுன் கூடி உட்கார்ந்து, இவ்வளவு நீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று பேசினார்கள். யாரும் ஆணையிடவில்லை, கணக்கே வழிகாட்டிற்று. திட்டப் பணம் நின்றபின் பல ஊர்களில் அந்த வேலை தளர்ந்தது. அதிலும் நமக்குப் பாடமுண்டு: வெளியார் பணத்தை மட்டும் நம்பிய கணக்கு, பணத்தோடு போய்விடும்.

சித்தூர் விவசாயியால் முடிந்தது ஆர்.கே.பேட்டை விவசாயியால் முடியாதா? இழை எண்ணத் தெரிந்தவனுக்கு அடி எண்ணத் தெரியாதா?

நாம் கேட்பவை மூன்று. நம் ஊரில் ஆராய்ச்சி நடத்துவோர் அதன் முடிவைத் தமிழில் எழுதி, கிராம சபையில் படித்துக்காட்டவேண்டும். அளக்கும் கருவியையும் பயிற்சியையும் ஊர் இளைஞருக்குத் தந்து, அதற்கான கூலியை ஊராட்சியின் நிரந்தரச் செலவாக்கவேண்டும். ஊரிலிருந்து வெளியே போகும் நீருக்கும் கணக்கு எழுதவேண்டும்.

தோழர்களே! மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று வேலைக்குப் போகிறவர்கள் ஒருவேளை கூலியை விட்டாலும் பரவாயில்லை; சபைக்குப் போங்கள். இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கை தூக்குவதோடு நில்லாமல், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.

கிணறு நம்முடையது. கணக்கும் நம்முடையதாகட்டும்!