கடல் ஏறும்போது முதலில் நனைவது யார்?

"பனிமலை உருகினால் ராஜபாளையத்துக்கு என்ன?" என்று நம் கூட்டங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். திருவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும், கடல் தெரியாது. ஆனாலும் இது நம் பிரச்சினை என்கிறோம்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. சூடேறிய கடல்நீர் விரிவடைவதும், மலைப் பனியும் கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியும் உருகுவதும்தான் காரணம். பசிபிக் பெருங்கடலில் சுமார் 11,000 பேர் வாழும் துவாலு, இந்தக் கேட்டுக்குக் காரணமே இல்லாத நாடு. அதன் மக்களில் ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற 2023-இல் ஒப்பந்தம் போடவேண்டி வந்தது. துவாலுவுக்காகப் பேச ஓர் அரசாவது இருக்கிறது. நம் சேரிகளுக்காக யார் பேசுவது?

தண்ணீருக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் பல ஊர்களில் மேடு ஊருக்கும் பள்ளம் சேரிக்கும் என்று சாதி முன்பே பிரித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடி வரும்.

2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். அதற்குக் காரணம் நிலநடுக்கம். புவி வெப்பமாதல் அல்ல. ஆனால் கடல் உள்ளே வந்தால் இந்தச் சமூகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டிவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாம்களிலும் தண்ணீரிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அன்றே பதிவு செய்தன. படகு, வலை, வீடு, நிலம் என்று இழப்பு எண்ணப்பட்டது. இவை எதுவும் இல்லாத கூலித் தொழிலாளி இழந்தது வேலையை. அதை எழுத எந்தப் படிவத்தில் இடம் இருந்தது?

பிணங்களை எடுக்க வேறு ஊர்களின் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தின் குப்பையை அள்ளவும் வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று சொல்லவும் வேண்டுமா? கடற்கரை மூழ்கினால் நாளை நம்மூர் அருந்ததியர் குடியிருப்புக்கும் லாரி வரும். கையுறையும் காப்பீடும் அதில் வருமா?

இதனால்தான் கேட்கிறோம். தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கத்தின் திட்டங்களில் சேரிகள் இருக்கும் தாழ்நிலங்கள் தனியாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். பட்டா இல்லாதவரின் கூலி இழப்பும் நிவாரணத்தில் சேர வேண்டும். மீட்புப் பணிக்கு அனுப்பப்படும் தூய்மைப் பணியாளருக்குப் பாதுகாப்புக் கருவியும் இரட்டைக் கூலியும் காப்பீடும் உரிமையாக வேண்டும்.

சுற்றுச்சூழல் கூட்டங்களுக்குப் போகும் தோழர்களே, மரம் நடுவதோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் ஊர் வரைபடத்தை விரித்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று குறியுங்கள். அதை அடுத்த கிராம சபையில் வைத்துப் பேசுங்கள்.