டெங்கு: எமது ஊரின் எண்ணிக்கை ஏன் குறைவாகத் தெரிகிறது?

வடகீழ்ப் பருவமழை ஓயத் தொடங்கியதும் கிழக்கில் டெங்கு தலைதூக்குவது வழமை. கூடவே ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வாதமும் கிளம்பும். "எங்கட பிரிவில் இந்த வாரம் நாலு பேர்தானே, எதுக்கு இந்தப் பதற்றம்?" என்பார்கள். அந்த நாலு என்ற எண் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அதில் ஆறுதலடைய அதிகம் இல்லை என்பது புரியும்.

டெங்கு சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஒரு வைத்தியருக்குச் சந்தேகம் வந்தாலே போதும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் அறிவித்தல் படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குச் சென்று விசாரித்து, அக்கம்பக்கத்தில் குடம்பிகள் உள்ளனவா என்று தேடுவார். வாரந்தோறும் இந்த விபரங்கள் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்கின்றன. அதன் வாராந்த அறிக்கையில் கல்முனைப் பிராந்தியத்துக்கு அம்பாறையிலிருந்து வேறாக ஒரு வரியே உண்டு. ஆக, ஏற்பாட்டில் குறையில்லை. முதல் படிவம் எழுதப்படாவிட்டால் பின்னால் எதுவுமே நடக்காது என்பதுதான் சிக்கல்.

எமது ஊர்களில் காய்ச்சல் வந்தால் முதல் நாள் பனடோல். இரண்டாம் நாள் பாமசி. மூன்றாம் நாள் மாலையில் தனியார் டிஸ்பென்சரி. அங்கே வரிசையில் ஐம்பது பேர் இருக்கும்போது படிவம் நிரப்ப எத்தனை வைத்தியர்களுக்கு நேரமிருக்கிறது? சட்டம் தனியார் வைத்தியருக்கும் பொருந்தும். ஆனாலும் நடைமுறையில், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவரே பெரும்பாலும் கணக்கில் வருகிறார். அதற்குள் நாலைந்து நாட்கள் கடந்துவிடும். நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருப்பது அந்த முதல் நாட்களில்தான். அப்போது அவரைக் கடித்த நுளம்பு, எட்டுப் பத்து நாட்களில் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். பரிசோதகர் படலையைத் தட்டும்போது அந்த நுளம்பு பக்கத்து வளவில் இருக்கும்.

விலாசம் இன்னொரு பிரச்சினை. அரபுக் கல்லூரி விடுதியில் ஓதும் மாணவனுக்குக் காய்ச்சல் வந்தால் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் இளைஞரும் அப்படித்தான் ஊர் வருகிறார். படிவத்தில் எழுதப்படுவது வீட்டு விலாசம். பரிசோதகர் அங்கே போய் ஒன்றும் காணாமல் திரும்புகிறார். விடுதியின் சீமெந்துத் தொட்டியோ, கடை மாடியின் கூரைப் பீலியோ யாருடைய பட்டியலிலும் இல்லை. கடந்த இரண்டு வாரமும் நோயாளி எங்கே தங்கினார் என்பதைக் கேட்காமலேயே நாமாகச் சொல்ல வேண்டும்.

2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். நாடு தழுவிய அலை உச்சம் தொட்டது அவ்வாண்டு ஜூலையில். அதற்கு நான்கு மாதங்கள் முன்னரே கிண்ணியாவில் ஜனாஸாக்கள் விழுந்தன, பாடசாலைகள் மூடப்பட்டன, வைத்தியசாலையில் இடமில்லாமல் போனது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,101 பேர் பதிவாகினர், 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிண்ணியா மக்கள் வைத்தியசாலையைத் தரமுயர்த்தக் கேட்டது முற்றிலும் நியாயம். அதே அளவு சத்தமாக முன்கூட்டிய எச்சரிக்கை ஏற்பாடொன்றையும் அன்று எமது அரசியல்வாதிகள் கேட்டிருக்க வேண்டும். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கண்காணிப்புக்கு அது கிடையாதல்லவா!

ஓர் ஆசிரியராக எனக்குத் தெரிந்த முன்னெச்சரிக்கை ஒன்று உண்டு. அது வகுப்பு வரவு இடாப்பு. ஒரே வீதியிலிருந்து வரும் மூன்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் காய்ச்சலென்று வராவிட்டால், வகுப்பாசிரியருக்கு அது சுகாதாரப் பணிமனைக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தத் தகவல் இடாப்பிலேயே உறங்குகிறது. காய்ச்சலால் வராத பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வீதிப் பெயரையும் வெள்ளிதோறும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தொலைபேசியில் சொல்ல அதிபர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்லதான். எந்த வீதிக்கு முதலில் போவது என்று பரிசோதகருக்குத் தெரிந்தால் போதாதா?

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. காய்ச்சல் விட்டதென்று பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

பரிசோதகருக்கு நாம் கதவைத் திறக்காததற்கும் காரணம் உண்டு. குடம்பி கண்டால் வழக்கு, தண்டப்பணம். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் முதல் வருகையே தண்டத்தில் முடிந்தால், அடுத்த முறை "வீட்டில் ஆம்பிளைகள் இல்லை" என்ற பதிலே கிடைக்கும். பெண் உத்தியோகத்தர் ஒருவரையும் பள்ளிவாசல் நிர்வாகத்தவர் ஒருவரையும் கூட்டிச் சென்றால் பல கதவுகள் திறக்கும். வளவின் பின்பக்கம், கிணற்றடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் உள்ளே போனால்தான் தெரியும். பதிலாக நாம் கேட்பதெல்லாம் புகை அடிக்கச் சொல்லித்தான். புகை கொல்வது பறக்கும் நுளம்பை மட்டுமே. தொட்டியிலுள்ள குடம்பி ஒரு வாரத்துக்குள் நுளம்பாகிவிடும், காய்ந்த பாத்திரத்தில் ஒட்டிய முட்டையோ மாதக்கணக்கில் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

ஆகவே அடுத்த வாரம் எண்ணிக்கை நாலிலிருந்து பத்தாக உயர்ந்தால் ஊரின் பெயர் கெட்டுவிட்டதென்று யாரும் பதற வேண்டாம். ஒளிந்திருந்த ஆறு பேர் இப்போதுதான் கணக்கில் சேர்ந்திருக்கவும் கூடும்.