குடியும் அடியும் ஆஸ்பத்திரியும்

கணவன் அடித்துக் காயம்பட்ட பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்ன சொல்வாள்? குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்பாள். மாடிப்படியில் தடுக்கிவிட்டது என்பாள். டாக்டரும் அதையே சீட்டில் எழுதி, தையல் போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். கன்னத்தில் விரல் பதிந்திருப்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் டாக்டர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே அது டாஸ்மாக்கில் போய்த்தான் முடியும். எல்லாம் குடியால் வந்த வினை, கடையை மூடினால் சரியாகிவிடும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் அடிக்கடி குடித்து போதையேறும் கணவர்களின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் மனைவிகளில் இது 23 சதவீதம். முதல் எண்ணை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இரண்டாவது எண் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. சொட்டு மது தொடாதவனைக் கட்டிக்கொண்ட பெண்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருத்தி இதை அனுபவித்திருக்கிறாள். அவளுக்காக எந்தக் கடையை மூடுவது?

அதற்காக, குடி வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட 301 ஆண்களைப் பற்றி ஓஃபேரல் குழுவினர் 2003ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. சிகிச்சைக்கு முந்தைய ஓராண்டில் இவர்களில் 56 சதவீதம் பேர் மனைவியையோ துணைவியையோ தாக்கியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட சாதாரண ஆண்களில் அது 14 சதவீதம். சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டில் 56 என்பது 25 ஆகக் குறைந்தது. மறுபடி குடிக்கத் தொடங்கியவர்களிடம் 32, குடியை விட்டவர்களிடம் 15. அதாவது குடியை விட்டவன் மற்ற ஆண்களின் அளவுக்கு வந்து நின்றான், அதற்குக் கீழே போகவில்லை. குடி கூட்டிக் கொடுத்ததைச் சிகிச்சை குறைத்துவிட்டது. மிச்சம் இருப்பது குடியால் வந்ததல்ல. பெண்டாட்டியை அடிக்கலாம் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதற்கு மாத்திரை கிடையாது.

இதில் ஆஸ்பத்திரி எங்கே வருகிறது? அடிபட்ட பெண் போலீசுக்குப் போவது அபூர்வம். ஆஸ்பத்திரிக்கு வருவாள், அதுவும் காயத்தோடு மட்டுமல்ல. தீராத தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை, படபடப்பு என்று திரும்பத் திரும்ப வருவாள். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் மூவாயிரத்துக்கும் அதிகமான பெண்களின் மருத்துவப் பதிவுகளை ரிவாரா குழுவினர் ஆராய்ந்து 2007ல் வெளியிட்டார்கள். துணைவரின் வன்முறைக்கு ஆளானவர்களின் மருத்துவச் செலவு மற்றவர்களைவிட 19 சதவீதம் அதிகம். வன்முறை நின்று ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது சுமார் 20 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. அடி நின்றாலும் உடம்பு மறப்பதில்லை போலும்.

2011ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு இதைவிட உறுத்துகிறது. துணைவர் தாக்கியதாகப் போலீஸ் பதிவேட்டில் இருந்த 993 பெண்களை நான்கு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 80 சதவீதம் பேர் ஒரு தடவையாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருந்தார்கள். பெரும்பாலும் வேறு ஏதோ உடல்நலக் குறைவு என்றுதான் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் 72 சதவீதம் பேர் அடி வாங்குகிறவர்கள் என்று அங்கே ஒருமுறைகூடக் கண்டறியப்படவில்லை. போலீசுக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியவில்லை!

இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. அவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டுக்குப் போனவர்கள். டாக்டரிடம் சொன்னவர்கள் மிகச் சிலரே. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காலை நேரம் நிற்கும் ஓ.பி. வரிசையில் அவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆஸ்பத்திரியை மறந்துவிடவில்லை. பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் சிகிச்சை தரவேண்டும் என்கிறது அதன் 7ஆவது பிரிவு. அவள் கேட்டால்! டாக்டர் அவளிடம் கேட்கவேண்டும் என்பது அந்தப் பிரிவில் இல்லை.

நம் டாக்டர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வருகிற எல்லாப் பெண்களிடமும் கேட்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. அறிகுறி இருந்தால் கேளுங்கள், தனியாக வைத்துக் கேளுங்கள், சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்பதுதான் அதன் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மும்பை பாந்த்ராவில் உள்ள பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் என்ற அமைப்பும் சேர்ந்து 2000களின் தொடக்கத்திலேயே 'திலாசா' என்ற ஆலோசனை மையத்தைத் தொடங்கின. அங்கேயும் கூட்டம்தான், அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான். ஆனாலும் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு மாநகராட்சியின் வேறு மருத்துவமனைகளிலும் அந்த மையங்கள் வந்தன.

குடிநோய் சிகிச்சை வார்டிலும் இதே வேலை இருக்கிறது. தினம் எவ்வளவு குடிப்பீர்கள், கை நடுங்குகிறதா, மஞ்சள் காமாலை வந்ததா என்று எல்லாம் கேட்கிறார்கள். வீட்டில் அடிப்பீர்களா என்ற கேள்வியையும் அந்தப் படிவத்தில் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. மனைவியையும் தனியே அழைத்துப் பேசவேண்டும், கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அல்ல.

உண்மையான சிக்கல் அந்தத் தனிமைதான். ஓ.பி.யில் அடித்தவனோ மாமியாரோ கூடவே நிற்பார்கள். இதோடு, உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. துணைக்கு வந்தவரைப் பொதுவாக வெளியே நிறுத்தும் இடம் எக்ஸ்ரே அறை. அந்த இரண்டு நிமிடத்தில், "வீட்டில் யாராவது அடித்தார்களா அம்மா?" என்று ஒரு நர்ஸ் கேட்கலாம்.