சோதனைச்சாலையா? சடங்குச்சாலையா?



நமது தங்கை மகன் ஒருவன் ஒரு கலாசாலையில் பி.எஸ்ஸி. ரசாயனம் படிக்கிறான். எந்தக் கலாசாலை என்று நாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அந்த ஒன்றின் தலையில் விழுந்து, மற்றவையெல்லாம் யோக்கியர் வேஷம் போட்டுக்கொண்டு தப்பித்துக்கொள்ளும். சென்ற மாதம் அவன் தன் ரிக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து நம் முன் போட்டு, "மாமா, நான் உள்ளதை எழுதினேன், 10-க்கு 5 போட்டார்கள். பக்கத்துப் பையன் இல்லாததை எழுதினான், அவனுக்கு 9" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றே முதலில் நினைத்தோம். நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் சங்கதி விளங்கிற்று.

ஆர்கானிக் கெமிஸ்டிரி செய்முறை வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலைகளில் ஒன்று ஆஸ்பிரின் செய்வது. 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தைக் குடுவையில் போட்டு, அசெட்டிக் அன்ஹைட்ரைடை ஊற்றி, சில சொட்டுக் கந்தக அமிலம் விட்டு, வெந்நீரில் கால் மணி நேரம் வைக்கவேண்டும். பிறகு ஐஸ் தண்ணீரில் குளிர வைத்து, கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டினால் வெள்ளை வெளேரென்று படிகம் இறங்கும். அதை வடிகட்டி, மறுபடி கரைத்துப் படிய வைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கவேண்டும். 138 பங்கு சாலிசிலிக் அமிலத்துக்கு 180 பங்கு ஆஸ்பிரின் என்பது கணக்கு. ஆகவே 2 கிராமிலிருந்து அதிகபட்சம் கிடைக்கக்கூடியது சுமார் 2.6 கிராம்.

நம் பையனுக்குக் கிடைத்தது 1.6 கிராம், அதாவது நூற்றுக்கு 61 பங்கு. சுத்த ஆஸ்பிரின் சுமார் 135 டிகிரியில் உருகவேண்டும். இவனுடையதோ 127-இல் உருக ஆரம்பித்து 131-இல் முடிந்தது. ஆசிரியர் கேட்காமலே அவன் இன்னொன்றும் செய்தான். துளிப் பொடியில் பெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்த்தான். லேசாக ஊதா நிறம் காட்டிற்று. சுத்த ஆஸ்பிரின் அந்த நிறம் காட்டாது. மாறாமல் மிஞ்சிய சாலிசிலிக் அமிலந்தான் காட்டும்.

இப்போது பாருங்கள்! உருகுநிலை தாழ்ந்ததும், உருகுவது நாலு டிகிரிக்கு நீண்டதும், ஊதா நிறம் வந்ததும் ஆகிய மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் கொடுக்கின்றன: சரக்கு முழுச் சுத்தமில்லை. எடை குறைந்ததற்குக் காரணம் வேறு. மறுபடி கரைக்கும்போது திரவத்தைத் தாராளமாக ஊற்றிவிட்டான். படிகத்தில் ஒரு பாகம் அதிலேயே கரைந்து போய்விட்டது. இவ்வளவையும் அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்து நோட்டில் எழுதியிருக்கிறான். விஞ்ஞானம் என்பது இதுவல்லாமல் வேறென்ன?

ஆசிரியர் சொன்னது என்ன? "ஏம்ப்பா, எல்லாருக்கும் 85 வந்திருக்கு, உனக்கு மட்டும் ஏன் 61? வெளியிலிருந்து பரீட்சகர் வந்தால் நம்ம மானம் என்னாகிறது? மாற்றி எழுதிக்கொண்டு வா." "சார், எனக்கு வந்தது இதுதான் சார்" என்றானாம். போட்டார் 5.

அந்த 'எல்லாருக்கும் வந்த 85' எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். போன வருஷத்துப் பிள்ளைகளின் நோட்டைப் படம் பிடித்துக் கைபேசியில் அனுப்பிக்கொள்கிறார்கள். அதற்கு முந்திய வருஷத்தார் அதற்கு முந்தியவரைப் பார்த்து எழுதியது. ஆதியில் ஒருவன் உண்மையாகவே நிறுத்துப் பார்த்தானா என்பது ஒருவருக்கும் தெரியாது. ரிஷி மூலம் கேட்கக்கூடாதென்று சொல்வார்களே, அது இங்கேயும் வந்து குடியேறிவிட்டது. ஒரு பையனின் நோட்டில் 2 கிராமிலிருந்து 2.8 கிராம் கிடைத்ததாக எழுதி, அதற்குச் சிவப்பு மையில் 'டிக்' போட்டிருப்பதை நம் கண்ணாலேயே பார்த்தோம். 2.6-க்கு மேல் கிடைக்க வழியே இல்லை. கிடைத்தால் சரக்கு ஈரமாயிருக்கிறது என்று அர்த்தம். அட்சய பாத்திரம் புராணத்தில்தான் இருக்கிறதென்று இதுநாள் வரை நினைத்திருந்தோம்!

இன்ன பொருளென்று சொல்லாமல் ஒன்றைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் பரீட்சையும் இதே லட்சணந்தான். பொருளைச் சோடியத்தோடு சேர்த்துப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு வடித்து, அதில் நைட்ரஜன் இருந்தால் நீல நிறம் வரும்படி செய்வது லாஸைன் சோதனை. அழகான வேலை. ஆனால் எந்த மேஜைக்கு எந்த 'காம்பவுண்டு' என்பது முதல் நாளே கசிந்துவிடுகிறது. கசியாவிட்டால் மோந்து பார்த்து, வாதுமை வாசனை அடித்தால் பென்சால்டிஹைடு என்று எழுதிவிட்டு, செய்யாத பத்துச் சோதனைகளையும் செய்ததாக வரிசையாக எழுதுகிறார்கள். புரோகிதன் அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்கிறான் என்று நாம் பரிகாசம் செய்கிறோம். இந்தப் பட்டதாரிகளை என்னவென்று சொல்வது?

இந்தச் சாஸ்திரத்தின் பிறப்பைத்தான் சற்று எண்ணிப்பாருங்கள். உயிருள்ள உடம்பிலிருந்து வரும் பொருள்களை மனிதன் கையால் செய்ய முடியாது, அதற்கு ஏதோ ஓர் உயிர்ச்சக்தி வேண்டும் என்று ஐரோப்பாவின் பெரிய பண்டிதர்களே ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். 1828-இல் ஜெர்மனியின் வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைச் செய்துவிட்டார். மூத்திரத்தில் இருக்கும் அதே யூரியா. மூத்திரப்பையும் இல்லை, மனிதனும் இல்லை, நாயும் இல்லை! உயிர்ச்சக்தி ஒரே நாளில் செத்துவிடவில்லைதான். 1845-இல் கோல்பே என்பவர் அசெட்டிக் அமிலத்தையும் செய்து காட்டவேண்டியிருந்தது. ஆனால் அதைச் சாகடித்தது தர்க்கமல்ல, குடுவை. வரவேண்டியது இன்னதென்று பெரியவர்கள் சொன்னதை விட்டு, வந்தது இன்னதென்று எழுதியதனால்தான் அது நடந்தது. வோலர் நம் பையனின் வகுப்பில் படித்திருந்தால் அவருக்கும் 5 மார்க்குதான்.

நிற்க. வங்காளத்தின் பிரபுல்ல சந்திர ராய் 1902-இலும் 1909-இலும் இந்து ரசாயன சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார். இந்த நாட்டில் ரசாயனம் ஏன் பட்டுப்போயிற்று என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது ஜாதி. கையால் வேலை செய்பவனைக் கீழே தள்ளி, புத்தியுள்ளவனென்று சொல்லிக்கொண்டவன் கையை அழுக்காக்கிக்கொள்ள மறுத்ததனால், ஏன் எதற்கு என்று கேட்கும் புத்தி தொழிலை விட்டே ஓடிப்போயிற்று என்றார். அவர் பெரிய ரசாயன நிபுணர். வங்காள ரசாயனக் கம்பெனியை ஏற்படுத்தியவர். நம்மைப்போல் 'வாயாடி' அல்ல. இன்று எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே மேஜையில் நின்று ஒரே குடுவையைத் தொடுகிறார்கள். எத்தனையோ பேர் போராடிப் பெற்ற இடம் அது. அங்கே வந்து நின்ற பிள்ளையிடம், 'கையை நம்பாதே, ஏட்டை நம்பு' என்று சொல்வது பழைய பித்தலாட்டத்தைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பதல்லவா?

இன்னொரு வேடிக்கை. பல கலாசாலைகளில் ஆயுத பூசையன்று பர்னருக்கும் தராசுக்கும் சந்தனம், குங்குமம். மில்லிகிராமைக் காட்டும் தராசுக்குப் பொட்டு வைத்தால் அந்தப் பொட்டின் எடையை எந்தக் கணக்கில் கழிப்பது? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-இல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சோதனைச்சாலைக் கதவில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது! ஆனால் பிள்ளைகளின் கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. ஈதர் 35 டிகிரியிலேயே கொதிப்பது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடியைத் திறந்தாலே போதும். அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேஜையோடு மேஜையாக ஊர்ந்து போய்ப் பக்கத்துப் பர்னரில் பற்றும். பற்றினால் 'நேரம் சரியில்லை' என்பார்கள். நேரமா பர்னரை அணைக்காமல் வைத்தது? எலுமிச்சம்பழக் காசை வருஷக்கணக்கில் சேர்த்திருந்தால் நாலு கண்ணாடியாவது வாங்கியிருக்கலாம்.

ஆசிரியர்கள் பேரில் நமக்குத் துவேஷமில்லை. கூட்டமான வகுப்பு, போதாத சாமான், பரீட்சைக் கெடுபிடி எல்லாம் நாம் அறிந்ததே. ஆனால் 61 என்று எழுதியவனுக்கு 9 போட எந்தச் சர்க்கார் பணமும் வேண்டியதில்லை. ஏன் குறைந்தது என்று அவன் எழுதிய நாலு வரியைப் படித்தால் போதும்.

நம் பையன் நோட்டை மாற்றி எழுதவில்லை. அடுத்த வகுப்பில், மார்க்கு இல்லையென்று தெரிந்தே, அதே பொடியை அளவாகத் திரவம் விட்டு இன்னொரு தடவை படிய வைத்தான். 1.3 கிராம்தான் மிஞ்சிற்று. 134-இல் உருக ஆரம்பித்து 135-இல் முடிந்தது, ஊதா நிறம் வரவில்லை. இரண்டு பக்கங்களும் நம் மேஜைமேல் இருக்கின்றன. ரசாயன ஆசிரியர் எவரேனும் அந்த 5 மார்க்கு நியாயந்தான் என்று எழுதியனுப்பினால், ஓர் எழுத்தும் மாற்றாமல் இந்தப் பத்திரிகையிலேயே பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.