முதல் குண்டு எங்கே போனது?

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது எனக்கு ஐந்து குண்டுகள் கொடுத்தார்கள். .22 ரைஃபிள், 25 மீட்டர் தூரம், தரையில் படுத்துச் சுட வேண்டும். சுட்டு முடித்து அட்டையைப் போய்ப் பார்த்தால், நாலு ஓட்டைகளை ஒரு பத்து ரூபாய்க் காசால் மூடிவிடலாம். ஐந்தாவது மட்டும் மூன்று விரல்கடை தள்ளி, வலப்பக்க மேல் மூலையில் தனியாக நின்றது. குரூப்பிங் என்றால் அதிகம் விலகி நிற்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் அளப்பார்கள். அந்த ஒற்றை ஓட்டையால் துப்பாக்கி சுடும் முகாமுக்கான பட்டியலில் என் பெயர் வரவில்லை.

"நீ முதல் டீட்டெயில்டி. காலையில இருந்து அந்தத் துப்பாக்கியை யாரும் சுடல. பேரல் ஆறிக் கிடந்தா முதல் குண்டு அப்படித்தான் போகும்" என்று ஒரு சீனியர் அக்கா ஆறுதல் சொன்னார். ஸ்ரீரங்கத்துக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "கல்லு காயலைன்னா முதல் தோசை பிஞ்சுதான் வரும்" என்று முடித்துவிட்டார். இரண்டு பேர் சொன்னால் போதாதா? பல வருஷமாக இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் டிஜிட்டல் டெஸ்க்கில் பழைய படங்களைத் தேடும்போது 2022 ஜூலை படங்கள் கண்ணில் பட்டன. நினைவிருக்கிறதா? திருச்சி கே.கே.நகர் பக்கம் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் 47-வது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் பிஸ்டல் பிரிவுகளில் கலந்துகொண்டு 4 தங்கம், 2 வெண்கலம் வாங்கினார். அவரைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்கவே போலீஸ் திணறியது. எங்கள் ஊருக்குத் துப்பாக்கி ஒன்றும் புதிதல்ல. திருவெறும்பூர் பக்கம் யாரைக் கேட்டாலும் ஓ.எஃப்.டி. என்று சொல்லும் படைக்கலத் தொழிற்சாலை 1960-களிலிருந்து இயங்குகிறது. 2021 அக்டோபரில் நிர்வாகம் மாறி, இப்போது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு துப்பாக்கி இருக்கிறது. 1,800 மீட்டர் வரை குறிவைக்கும் 'வித்வன்ஸக்' என்ற கனமான ரைஃபிளும் இங்கேதான் தயாராகிறது.

இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு 'ஆறிப்போன பேரல்' விஷயத்தைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறோமே என்று தோன்றியது. எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமா இருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் அவர் சிரித்தார். "திருச்சியில ஏதும்மா சில்லுனு பேரல்? மே மாசம் வெயில்ல வச்சா தொட முடியாது." இந்தப் பேச்சில் 'ஆறிய' என்றால் அன்று இன்னும் சுடப்படாத என்று மட்டும்தான் அர்த்தம்.

விஷயம் நிஜம்தான். ஒவ்வொரு குண்டும் வெளியேறும்போது பேரல் கொஞ்சம் சூடாகிறது. சூடானால் இரும்பு நீளும், இது பள்ளிப் பாடம். 60 சென்டிமீட்டர் பேரல் 50 டிகிரி சூடேறினால் சுமார் 0.36 மில்லிமீட்டர் நீளும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக நீண்டால் பெரிய பாதகமில்லை. செய்யும்போது உலோகத்துக்குள் இறுக்கம் தங்கியிருந்தாலோ, ஒரு பக்கச் சுவர் தடித்திருந்தாலோ, கட்டை பேரலை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டிருந்தாலோதான் சூட்டில் அது துளி வளையும். அப்போது முதல் குண்டு ஓரிடத்திலும் அடுத்தவை வேறிடத்திலும் விழும். நல்ல பேரலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பலர் இதையும் 'ஆறிய பேரல்' கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். துடைத்து எண்ணெய் போட்டு வைத்த பேரலில் முதல் குண்டு அந்த எண்ணெய்ப் படலத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. அடுத்த குண்டுக்குக் கிடைப்பது வேறு பாதை. அதனால்தான் சுடுவதற்கு முன்பு புல் த்ரூ கயிற்றில் உலர்ந்த துணியைக் கட்டி இழுக்கச் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். அப்போது அதை ஏதோ சடங்கு என்று நினைத்தேன். .22 ரைஃபிளில் மருந்து கொஞ்சம்தான், பேரல் சீக்கிரம் சூடாகாது. ஈயக் குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு போன்ற மசகு பேரலுக்குள் சீராகப் படியும்வரை முதல் சில குண்டுகள் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம்.

"சரி, எவ்வளவு விலகும்?" என்றேன். மாமா ஒரு பேப்பர் எடுத்தார்.

60 சென்டிமீட்டர் பேரலின் முனை ஒரு தலைமுடி கனத்துக்கு, அதாவது 0.06 மில்லிமீட்டர், சாய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 25 மீட்டரில் குண்டு விலகுவது 2.5 மில்லிமீட்டர். நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். மாம்பழச்சாலையைத் தொடும் காவிரிப் பாலத்தின் நீளத்துக்கு, அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஐந்தரை சென்டிமீட்டர். வித்வன்ஸக்கின் 1,800 மீட்டரில் 18 சென்டிமீட்டர். ஒரே தலைமுடிதான், தூரம் போகப் போக ஒரு சாணுக்கு வந்துவிடுகிறது. தூரத்தில் சுடும் ராணுவ வீரருக்கு முதல் குண்டு எங்கே விழுகிறது என்பது உயிர்ப் பிரச்னை. அவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது. பாட்டியின் தோசைக் கதை இங்கே உதவாது. பிய்ந்த முதல் தோசையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை ஊற்ற அவருக்கு நேரம் இருக்காது.

விளையாட்டில் அந்த வசதி உண்டு. கணக்கில் சேராத 'சைட்டர்' குண்டுகள் இதற்காகத்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட சைட்டர் நாலு புள்ளியில் போய் விழுந்தது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. அந்த உயரத்தில் இருப்பவருக்கு நாலு என்றால் துப்பாக்கியிலேயே ஏதோ கோளாறு. சைட்டை அவசரமாகத் திருத்திக்கொண்டு கணக்கில் சேரும் முதல் குண்டைச் சுட்டார். 10.7. கடைசிக் குண்டு 10.8, கழுத்தில் தங்கம். ஏர் ரைஃபிளில் மருந்தும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் முதல் குண்டை நம்பி அவர் எதையும் பணயம் வைக்கவில்லை.

கோளாறு துப்பாக்கியிலா, சுடுபவரிடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாமா சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓர் அட்டையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். தினமும் முதல் குண்டை மட்டும் அதில் சுட்டுவிட்டு, மீதியை வேறு அட்டையில் சுட வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அட்டையில் பத்து முதல் குண்டுகள் இருக்கும். அவை எல்லாம் ஒரே இடத்தில், நடுவிலிருந்து தள்ளிக் கூடியிருந்தால் அது துப்பாக்கியின் குணம். குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப குறிவைக்கலாம். நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால்?

"பேரல் மேல பழி போடக் கூடாதும்மா. ஆறிக் கிடந்தது ஆளு."

பிறகு என் அட்டைக்கு வந்தார். மூன்று விரல்கடை என்றால் ஐந்து சென்டிமீட்டர். 25 மீட்டரில் அவ்வளவு விலக, பேரல் முனை 1.2 மில்லிமீட்டர் சாய்ந்திருக்க வேண்டும். இருபது தலைமுடி. நாலு குண்டுகளை ஒரு காசுக்குள் போட்ட பேரல் அப்படி வளையாது. ஆகவே இழுத்தது என் விரல், அல்லது குலுங்கியது என் தோள். கணக்கில் தப்பில்லை. நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

"முதல் குண்டுன்னா பதற்றம் இருக்கும்தானே மாமா?" என்று கடைசியாக ஒரு முட்டுக்கொடுத்துப் பார்த்தேன்.

"அது முதல் குண்டுதான்னு உனக்கு யார் சொன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஐந்தையும் சுட்டு முடித்த பிறகுதான் அட்டையைப் பார்த்தோம். எந்த ஓட்டை எந்தக் குண்டுடையது என்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை சுடுபவர்கள் பெரும்பாலும் முதல் குண்டை ஒழுங்காகத்தான் சுடுவார்களாம். சத்தமும் உதையும் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு, இரண்டாவது குண்டுக்கு விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் வரும். தப்பிப் போனது இரண்டாவதாக இருக்கலாம், ஐந்தாவதாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். "அப்போ கல்லு காய்ஞ்சுதான் இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அந்த அட்டை இருந்தால் மாமாவிடம் இன்னொரு தடவை காட்டியிருப்பேன். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த அன்றே பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டேன்.